சொரியாசிஸ் ஊசிக்கு முன் காசநோய்ச் சோதனை

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் மேலெல்லாம் செதில் உதிரும் ஒருவர் வந்து உட்கார்ந்தால், பெஞ்சில் தள்ளிப் போகிறவர்கள் இன்னும் உண்டு. அநியாயம்! சொரியாசிஸ் ஒட்டிக்கொள்ளும் நோயல்ல. சித்த வைத்தியர்கள் காளாஞ்சகப்படை என்பது இதைத்தான். உடலின் எதிர்ப்புச் சக்தி தடம்மாறித் தூண்டுவதால், ஒரு மாதத்தில் வளர வேண்டிய தோல் சில நாட்களிலேயே வளர்ந்து உதிர்கிறது.

எல்லைக் கிராமங்களில் முதல் மருந்து வெட்பாலை எண்ணெய்தான்; மலையாளத்தில் தந்தப்பாலை. இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் ஊதா நிறமாகிவிடும். லேசான படைக்கு இதமானது. மூட்டிலும் வலி, வீக்கம் கண்டால் எண்ணெயை நம்பியிராமல் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காட்டுவது மேல். அங்கே டாக்டர் மெத்தோட்ரெக்ஸேட் எழுதினால், வாரம் ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

அதற்கும் அடங்காதவர்களுக்கு 'பயாலஜிக்' ஊசி. அழற்சியைத் தூண்டும் ஒரு பொருளை மட்டும் குறிபார்த்துத் தடுப்பது. பெங்களூர் பயோகான் கம்பெனி, கியூபா விஞ்ஞானிகளுடன் சேர்ந்து உருவாக்கிய ஐட்டோலிசுமாப் 2013-ல் விற்பனைக்கு வந்தது. 2014-ல் சைடஸ் கம்பெனி அடலிமுமாப் ஊசியை வெளிநாட்டுச் சரக்கைவிட மிகக் குறைந்த விலைக்குத் தந்தது. ஆனாலும் கூலிக்காரர் கைக்கு எட்டும் விலையல்ல.

அடலிமுமாப் போன்ற ஊசிகள் உடலில் உறங்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடும். மார்பு எக்ஸ்ரே, காசநோய்ச் சோதனை முடியாமல் போடச் சம்மதிக்காதீர்கள். ஊசியை நிறுத்தினால் படை திரும்பவும் வரலாம். மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். ஃபிரிஜ் இல்லாத லாட்ஜ் அறைக்காரர்கள் ஆஸ்பத்திரியிலேயே போட்டுக்கொள்வது நல்லது.