வடக்கன்குளத்துக் கோயிற்சுவர்

உத்திரமேரூரில் வாழ்பவனுக்குச் சுவரைப் படிப்பது பழகிய காரியம். எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிற்சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பெற்ற சாசனங்கள் குடவோலை முறையின் விதிகளைக் கூறுகின்றன. ஆனால், ஓரெழுத்தும் பொறிக்கப்பெறாத சுவருக்கும் வரலாறு உண்டு. அத்தகைய சுவர் ஒன்றைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் வடக்கன்குளம் என்னும் சிற்றூர் உள்ளது. சேசு சபைக் குருமார் பணியாற்றிய பழைய கிறித்தவத் தலம் அது. நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை 1745இல் அங்கேதான் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவருக்கு, 2022இல் உரோமாபுரியில் புனிதர் பட்டம் அளிக்கப்பெற்றது.

இவ்வூரில் 1872இல் திருக்குடும்பக் கோயில் எழுந்தது. மாணவர்களே, ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். சிலுவை வடிவில் அமைவதே பல தேவாலயங்களின் வழக்கம். இதுவோ அப்படியன்று. பீடம் ஒன்று, அதிலிருந்து இரு கூடங்கள், கால்சட்டையின் இரு கால்கள் போல, விலகி விரிகின்றன. ஒன்று வேளாளருக்கு, மற்றொன்று நாடாருக்கு. இரு கூடத்தாருக்கும் பீடம் தெரியும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பூசை ஒன்றே, செபமும் ஒன்றே. பார்வையை மட்டும் சுவர் தடுத்தது. கட்டியவர் கைத்திறனை மெச்சுவதா, அதற்கு வாய்த்த வேலையை எண்ணி வருந்துவதா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இதைத் தமிழகத்தின் தனிக் குறை என்று எண்ணிவிடலாகாது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அதே நூற்றாண்டில், கறுப்பு மக்களை மேல்மாடத்தில் அமர்த்திய தேவாலயங்கள் பல. அங்கே ஏணிப்படி செய்த வேலையை இங்கே சுவர் செய்தது.

1910இல், திருச்சபை அதிகாரிகளின் முடிவால், இடைச்சுவர் இடிக்கப்பட்டது. ஊர் அமைதியாக ஏற்றுக்கொள்ளவில்லை. தமக்குரிய பகுதி பறிபோயிற்று என்று வேளாளர் சிலர் வழக்குத் தொடுத்தனர். பிணக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் என்பது அவ்வழக்கின் பெயர். பார்த் என்பவர் அந்நாளைய திருச்சி ஆயர். சாதியின் பேரால் கோயிலில் ஒரு பகுதியைத் தனியுரிமையாகக் கோர இயலாது என்பதே தீர்ப்பின் சாரம். வழக்காடியோரைத் தீயோர் என்று தள்ளிவிடுவது எளிது. பாட்டன் அமர்ந்த இடத்தில் தானும் அமர்வதே பக்தி என்று நம்பியவர்களும் அவர்களுள் இருந்திருக்கலாம். ஆனால், அந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்தவர்கள் சுவருக்கு அப்பால் அமர்ந்திருந்தார்கள்.

பழங்கட்டடம் ஒன்றைக் காணச் செல்லும்போது கோபுர உயரத்தை அளப்பதோடு நின்றுவிடாதீர்கள். வாயில்கள் எத்தனை, எந்த வாயில் யாருக்காக வைக்கப்பட்டது என்பதையும் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.