ஒளித்துளையும் மின்கட்டளையும்

ரவாங்குக்கு வடக்கே ஓடி, பெஸ்தாரி ஜெயாவைக் கடந்து, கோலசிலாங்கூரில் கடலைச் சேர்கிறது சிலாங்கூர் ஆறு. அதன் கரையிலுள்ள கம்போங் குவாந்தானில், பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒருமித்து ஒளிர்கின்றன. அங்குப் படகில் செல்வோர் பளிச்சொளியைப் பயன்படுத்தலாகாது. படகு அசைவதால் நெடுநேரம் ஒளியைத் திரட்டிப் படமெடுப்பதும் அரிது. ஆதலின் வில்லையின் ஒளித்துளையை இயன்றவரை விரித்து வைப்பதே வழி.

நம் கண்மணி இருளில் விரிந்து வெயிலில் சுருங்குகிறது. வில்லையினுள் வட்டமாக அடுக்கப்பெற்ற மெல்லிய தகடுகள் அப்பணியையே செய்கின்றன. குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப் எண். 50 மில்லிமீட்டர் வில்லையில் துளை 25 மில்லிமீட்டர் எனில் அது எஃப் 2, 12.5 எனில் எஃப் 4. எண் பெருகத் துளை சிறுக்கும். விட்டம் பாதியானால் ஒளி கால் பங்காகும்.

முன்னாளில் வில்லையின் மேலிருந்த வளையத்தைத் திருகித் துளையின் அளவைக் குறித்தனர். பின்னர் வந்த கருவிகளில், படமெடுக்கும் கணத்தில் ஒரு நெம்புகோல் தகடுகளைச் சுருக்கியது. 1987இல் கெனான் நிறுவனம் தன் ஈஓஎஸ் வரிசையில் அந்நெம்புகோலை அகற்றி, வில்லைக்குள்ளேயே சிறு மோட்டாரை அமைத்தது. கட்டளை, பொருத்துவாயிலுள்ள உலோகத் தொடுமுனைகளின் வழியே மின்குறிப்பாகச் செல்கிறது. நிக்கான் நிறுவனமும் 2008இல் சில வில்லைகளில் இம்முறையைக் கொண்டுவந்தது.

இதனால் விளைந்த நன்மை யாது? அந்தியில் ஆற்றைத் தொடர்படங்களாக எடுத்து இணைக்கும்போது, நெம்புகோல் ஒவ்வொரு முறையும் சிறிது மாறி நின்றால் காட்சி மினுக்கும். மின்கட்டளை அம்மாறுபாட்டைக் குறைக்கிறது, முற்றும் நீக்குவதில்லை.

இழப்பும் உண்டு. வளையமுள்ள பழைய வில்லையைத் தக்க இணைப்பியுடன் புதிய கருவியிலும் கையாலேயே இயக்கலாம். மின்கட்டளை வில்லையோ, கழற்றிய பின் துளை நின்ற நிலையிலேயே நிற்கும். கட்டளையைக் கடத்தும் இணைப்பி இல்லையேல் அது பணியாது. பழைய வில்லையை வாங்குவோர் முதலில் வளையம் உள்ளதா எனப் பார்த்தல் நலம்.

இன்று பலர்க்குத் துளை தெரிவதில்லை. திரையில் எண் மட்டுமே தெரிகிறது. ‘அப்பெர்ச்சரைக் கூட்டு’ என்றால் எண்ணைக் கூட்டுவதா, துளையை விரிப்பதா எனப் பயில்வோர் மயங்குகின்றனர். ‘துளையை விரி’, ‘துளையைச் சுருக்கு’ என்று தமிழில் சொன்னால் மயக்கத்திற்கு இடமில்லை. கலைச்சொல் வெறும் அணியன்று. கருவியைச் செவ்வனே கையாள உதவும் துணையுமாகும்.