களத்துக்கு மணி, போருக்குத் தாள்

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கத்து மானாவாரிக் காடுகளில் ராகி அறுவடை முடிந்ததும் பங்கு பிரிந்துவிடும். மணி வீட்டுக்கு, தாள் மாட்டுக்கு. மணியில் இருக்கும் மாவுச்சத்தும் தாளில் இருக்கும் செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸைக் கோத்துச் செய்த சங்கிலிகள்தான். பிறகு ஏன் ஒன்று நமக்குச் சோறு, மற்றொன்று வெறும் சக்கை?

கோத்த விதம்தான் காரணம். மாவுச்சத்தில் இருப்பது ஆல்ஃபா பிணைப்பு. சங்கிலி சுருள் சுருளாக வளைகிறது. நம் எச்சிலில் உள்ள அமைலேஸ் நொதியே அதை வெட்டத் தொடங்கிவிடும். செல்லுலோஸில் பீட்டா பிணைப்பு. ஒவ்வொரு குளுக்கோஸும் முந்தையதற்குத் தலைகீழாகத் திரும்பி நிற்பதால் சங்கிலி நேராக நீள்கிறது. பக்கத்துச் சங்கிலிகளோடு இறுகி, காற்றில் செடியைத் தாங்கும் நாராகிறது. இந்தப் பிணைப்பை வெட்டும் நொதி மனித உடலில் இல்லை. மாட்டுக்கும் சொந்தமாக இல்லை. அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் அந்த வேலையைச் செய்கின்றன.

கர்நாடக எல்லைக்கு அப்பால் ராகி முத்தே, இப்பால் களி. நொய் வெந்து கொதிக்கும் தண்ணீரில் ராகி மாவைக் குவித்துக் கொட்டி, துடுப்புக் காம்பால் நடுவில் குழி போட்டு வேகவிடுகிறார்கள். பச்சைத் தண்ணீரில் கரையாத மாவுமணிகள் சூட்டில் நீர் குடித்து உப்பி உடைகின்றன. கிண்டக் கிண்டத் துடுப்பு கனப்பது அதனால்தான். ஆறியதும் சங்கிலிகள் மீண்டும் நெருங்கிச் சேர, உருண்டை இறுகுகிறது. அப்படி இறுகிய மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காமல் பெருங்குடல் வரை போய், அங்குள்ள நுண்ணுயிரிகளுக்கு உணவாகிறது.

இப்படிச் செரிக்காமல் போகும் நார்ச்சத்து 100 கிராம் ராகியில் சுமார் 11 கிராம். தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை.

களி தின்றுவிட்டு ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்டுக்குப் போகிறவரின் உடலில் அதே குளுக்கோஸ் மூன்றாவது உருவம் எடுக்கிறது. அதன் பெயர் கிளைகோஜன். கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம் சேமிப்பு. நெருக்கமாகக் கிளைவிட்ட அமைப்பு என்பதால், பல நுனிகளிலிருந்து ஒரே நேரத்தில் குளுக்கோஸைக் கழற்றலாம். பாரம் தூக்கும்போது தசை இந்தக் கையிருப்பிலும் கைவைக்கிறது.

குழந்தைக்கென்றால் ராகியை ஊறவைத்துத் துணியில் கட்டி முளைகட்டுவார்கள். முளைக்கும் விதை தன் அமைலேஸால் மாவுச்சத்தை வெட்டத் தொடங்குவதால் கஞ்சி பசைபோல் இறுகாது. அதே பதத்துக்கு இன்னும் ஒரு கரண்டி மாவு கூடுதலாகச் சேரும். சின்ன வயிற்றுக்கு அந்த ஒரு கரண்டி பெரிது.