எண் விளையாட்டும் இலக்கமும்

வகுப்பு விளையாட்டினால் சிறாருக்குக் கணக்கு வருமா? தில்லியில் 214 பாலர் பள்ளிகளைச் சேர்ந்த 1,540 குழந்தைகளிடையே இது சோதிக்கப்பட்டது. இரு அட்டைகளுள் எதில் புள்ளிகள் மிகுதி என எண்ணாமலே கூறுதல், வேறுபட்ட வடிவத்தைப் பொறுக்குதல் முதலியவை அவ்விளையாட்டுகள். இலக்கங்கள் அவற்றில் இடம்பெறவில்லை. பயின்ற திறன் நெடுநாள் நிலைத்தது. ஆயினும், பின்னர்த் தொடக்கப் பள்ளிக் கணக்கைக் கற்பதில் அது துணைபுரியவில்லை என 2017-இல் முடிவு வெளியாயிற்று.

பாலிகஞ்ச் சவுத் பாயிண்ட் பள்ளியில் பயின்றவரான அபிஜித் பானர்ஜி முதலியோர் 2025-இல் வெளியிட்ட ஆய்வும் இத்தகையதே. கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் விற்பனை செய்யும் சிறார் மனக்கணக்காகவே விலை கூட்டிச் சில்லறை தந்தனர். எளிய ஏட்டுக் கணக்கிலோ தடுமாறினர்!

ஆகவே, ஆசிரியர் புளியங்கொட்டைகளைப் பரப்பி விளையாட்டைத் தொடங்கலாம். எண்ணி முடித்தவுடன், 7 என எழுதிய அட்டையைக் குழந்தையே அவற்றின் அருகில் வைக்கட்டும்.