வாளா, கேடயமா? கம்ப்யூட்டரைக் கேளுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராமைத் திறந்து பார்த்துவிட்டு, "இது கடைக் கணக்கு எழுதுபவர்களுக்கு" என்று மூடிவிடுவார்கள். அதை வைத்து ஒரு போர்க்களத்தையே நடத்திப் பார்க்கலாம்.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் நான்கைந்து பேர் கூடி 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறோம். 1974-ல் அமெரிக்காவில் வெளியான மேஜை விளையாட்டு இது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக நடிப்பார்கள். அடி விழுந்ததா இல்லையா என்பதை 20 பக்கப் பகடை முடிவு செய்யும். எங்கள் ஊர்க் கடையில் தாயக்கட்டை கிடைக்கும். 20 பக்கப் பகடைக்கு எங்கே போவது? அந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டேன்.

நெற்கட்டும்செவல் எங்களுக்குப் பக்கம் என்பதால் பூலித்தேவர் காலத்துப் பாளையம்தான் எங்கள் கதைக்களம். குழுவில் ஒரு தம்பிக்குப் போர்வீரன் பாத்திரம். "இரண்டு கையாலும் பெரிய வாள் பிடிப்பேன், கேடயம் கோழைக்கு" என்றார். புதிய வீரனுக்கு இருப்பதோ 12 உயிர்ப்புள்ளி. அவன் விழுந்தால் பின்னால் நிற்கும் மந்திரவாதியும் காலி. வாக்குவாதம் முற்றவே, கணக்குப் போட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

விதி என்ன?

நாங்கள் ஆடுவது 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு. சங்கிலிக் கவசம் அணிந்த வீரனின் காப்பு எண் 16. கேடயம் பிடித்தால் 2 கூடி 18 ஆகும். எதிரே வரும் காப்ளின் என்னும் குட்டிப் பூதம் பகடையில் விழுவதோடு 4 கூட்டிக்கொள்ளும். மொத்தம் காப்பு எண்ணை எட்டினால் அடி விழும். ஓர் அடிக்குச் சராசரி 5 புள்ளி போகும். மூன்றாவது அடியில் வீரன் சாய்வான்.

கம்ப்யூட்டரில் பகடை

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை டவுன்லோட் செய்து, அதில் உள்ள கால்க் புரோகிராமைத் திறக்கவும். கட்டத்தின் பெயர், ஃபங்ஷன் பெயர் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் டைப் செய்ய வேண்டும்.

1. ஏ1 கட்டத்தில் கிளிக் செய்து, இன்சர்ட் மெனுவில் ஃபங்ஷன் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பட்டியலில் ராண்ட்பிட்வீன் என்பதை டபுள் கிளிக் செய்து, பாட்டம் என்ற இடத்தில் 1, டாப் என்ற இடத்தில் 20 கொடுத்து ஓகே தட்டவும். பகடை தயார்.

2. இடது மேல் மூலையில் உள்ள நேம் பாக்ஸில் ஏ1:ஏ1000 என்று டைப் செய்து என்டர் தட்டவும். பிறகு கண்ட்ரோல் விசையுடன் டி விசையை அழுத்தவும். பகடை ஆயிரம் முறை உருண்டுவிடும்.

3. டி1 கட்டத்தில் கவுண்ட்இஃப் ஃபங்ஷனைக் கொண்டுவந்து, ரேஞ்சில் ஏ1:ஏ1000 என்றும், கிரைட்டீரியாவில் மேற்கோள் குறிகளோடு ">=12" என்றும் கொடுக்கவும். இது கேடயம் இல்லாத வீரன் மீது விழுந்த அடிகள். டி2 கட்டத்தில் இதையே ">=14" என்று கொடுத்தால் கேடயம் உள்ளவனின் கணக்கு.

எஃப்9 விசையை அழுத்தும்போதெல்லாம் எண்கள் மாறும். பயப்பட வேண்டாம், டி1 450-ஐ ஒட்டியும், டி2 350-ஐ ஒட்டியுமே வரும்.

கணக்கு சொல்வது

கேடயம் இல்லாதவன் சராசரியாக ஏழாவது வீச்சுக்குள் சாய்கிறான். கேடயம் பிடித்தவன் எட்டு, ஒன்பது வரை தாங்குகிறான்.

தாக்குதலில் நஷ்டம் எவ்வளவு? காப்ளினுக்கு 7 உயிர்ப்புள்ளி, காப்பு எண் 15. ஒற்றைக் கை வாளுக்கு 'டூயலிங்' என்ற போர்முறையையும், இரட்டைக் கை வாளுக்கு 'கிரேட் வெப்பன் ஃபைட்டிங்' என்ற போர்முறையையும் எடுத்துக்கொண்டேன். பகடையில் 20 விழுந்தால் கிடைக்கும் கூடுதல் சேதத்தைச் சேர்க்கவில்லை. ஒரே வீச்சில் காப்ளினை வீழ்த்தும் வாய்ப்பு, பெரிய வாளுக்கு 100-க்கு சுமார் 54. கேடயத்தோடு பிடிக்கும் வாளுக்கு 48. ஆக, கேடயத்தால் இழப்பது 6, காப்பாற்றுவது 10.

ஆனால் 59 உயிர்ப்புள்ளி கொண்ட ஓகர் எதிரே வந்தால் நிலைமை வேறு. பெரிய வாளுக்கு ஏழு வீச்சு போதும். சின்ன வாளுக்கு எட்டு, ஒன்பது தேவை. தம்பியின் கட்சிக்கும் நியாயம் உண்டு!

பக்கத்தில் நிற்பவருக்கு

'புரொடெக்ஷன்' என்ற போர்முறைக்குக் கையில் கேடயம் இருந்தே ஆக வேண்டும். ஐந்து அடிக்குள் நிற்கும் தோழனை யாராவது தாக்கினால், சுற்றுக்கு ஒரு முறை கேடயத்தை நீட்டலாம். எதிரி இரண்டு பகடை உருட்டிச் சிறியதைத்தான் எடுக்க வேண்டும்.

பி நெடுவரிசையிலும் ஆயிரம் பகடை போடுங்கள். சி1 கட்டத்தில் மின் என்ற ஃபங்ஷனில் ஏ1, பி1 இரண்டையும் கொடுத்து, முன்போலவே கீழே நிரப்புங்கள். மந்திரவாதியின் காப்பு எண் 12 என்றால் காப்ளினுக்கு 8 விழுந்தாலே போதும். ஆயிரத்தில் 650 அடி. கேடயம் நீட்டினால் அது 420-ஐ ஒட்டி இறங்கிவிடும். டி3 கட்டத்தில் சி நெடுவரிசையை எண்ணிப் பாருங்கள். இதைப் பார்த்ததும்தான் தம்பி கேடயத்தைக் கையில் எடுத்தார்.

நம் ஊர் ஆயுதங்கள்

சிலம்பக் கம்புக்கு விதிப் புத்தகத்தின் குவாட்டர்ஸ்டாஃப் பொருந்தும்: ஒரு கையில் 6 பக்கப் பகடை, இரு கையில் 8. கம்பே தடுக்கவும் செய்கிறது என்பதால் எங்கள் ஆட்டத்தில் காப்பு எண்ணில் 1 கூட்டிக்கொள்கிறோம்; இது எங்கள் வீட்டு விதி. எதிரெதிராகச் சேர்த்த இரு மான்கொம்பை ஒரு கையில் பிடித்துத் தடுக்கவும் குத்தவும் செய்வார்கள். அதை இடது கைக் குத்துவாளாகக் கொண்டு இரட்டை ஆயுத முறையில் ஆடலாம்.

அடிப்படை விதிகள் 'சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாகுமென்ட் 5.1' என்ற பி.டி.எஃப். கோப்பாக இலவசமாகக் கிடைக்கின்றன. 2023 ஜனவரி முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு உங்கள் ஊர்க் கதைக்கேற்ப மாற்றியும் வெளியிடலாம்.

16, 18 என்ற காப்பு எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் மூன்று ஃபங்ஷன்கள் கைவந்துவிடும். வீட்டு பட்ஜெட் போடும்போது கவுண்ட்இஃப் மறுபடியும் உதவும்.