மசோதா சட்டமாகும் வழி

நமது சங்கத்தின் துணைவிதி ஒன்றைத் திருத்த வேண்டுமானால் பொதுக்குழுவைக் கூட்டித் தீர்மானம் நிறைவேற்றுகிறோம். எனினும், தீர்மானம் நிறைவேறிய அன்றே துணைவிதி மாறிவிடுவதில்லை. பதிவாளரிடம் அது பதிவு பெற வேண்டும். சட்டசபையின் அலுவலும் ஏறக்குறைய இத்தகையதே. அதனை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம். ஏனெனில், கூட்டுறவுச் சங்கங்கள் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 32-வது இனமாக உள்ளவை. பல மாநிலங்களில் இயங்கும் சங்கங்கள் நீங்கலாக, ஏனையவை மாநிலச் சட்டசபையின் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்பதை 2021-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

தமிழ்நாட்டுச் சட்டசபையில் 234 அங்கத்தினர் உளர். மேலூர் முதல் உசிலம்பட்டி வரை, மதுரை மாவட்டத்திலிருந்து மட்டும் பத்துப் பேர் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். சபை அலுவல் நடைபெறக் குறைந்தது 24 பேர் இருத்தல் வேண்டும். நடுநின்று நடத்துபவர் சபாநாயகர். 1991 முதல் 2001 வரை அப்பதவியை அடுத்தடுத்து வகித்த சேடபட்டி முத்தையா, பழனிவேல்ராஜன் ஆகிய இருவரும் நம் மாவட்டத் தொகுதிகளிலிருந்து சென்றவர்களே.

சட்டத்தின் முன்வரைவுக்கு மசோதா என்று பெயர். பெரும்பாலும் மந்திரி ஒருவரே அதனைச் சபையில் கொணர்வார். பிற அங்கத்தினரும் கொணரலாம். முதலில் அறிமுகம், அடுத்து, பிரிவு பிரிவாக ஆராய்ச்சி. திருத்தங்கள் கூறப்படும் கட்டம் இதுவே. நுணுகி ஆராய வேண்டியதாயின் தேர்வுக் குழுவுக்கு அனுப்புவதும் உண்டு. இறுதியில் வாக்கெடுப்பு நடைபெறும். வாக்குகள் சமமாயினாலன்றிச் சபாநாயகர் வாக்களிப்பதில்லை. நிறைவேறிய மசோதா கவர்னரிடம் செல்லும். அவர் ஒப்புதல் அளிக்கலாம், நிறுத்தி வைக்கலாம், குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கலாம். பண மசோதா அல்லாதவற்றை மறுபரிசீலனைக்குத் திருப்பியும் அனுப்பலாம்.

இத்தனையும் கடந்த பின்னரும் காத்திருக்க நேரலாம் என்பதற்கு நமது சட்டமே சான்று. 1961-ம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 1983-ல் புதிய கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வந்ததோ 1988 ஏப்ரல் 13-ல்! சட்டம் இயற்றப்பட்டபோது மேல்சபையும் இருந்தது. 1986 நவம்பரில் அது நீக்கப்பட்டது. சட்டம் அமலுக்கு வந்த நாளிலோ சட்டசபையும் கலைந்து, குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. அதே 1988-ல்தான் அச்சட்டத்துக்குரிய விதிகளும் வகுக்கப்பட்டன. சட்டம் பொதுவாகக் கூறுவதை அன்றாட நடைமுறைக்கு உரியதாக்குபவை இவ்விதிகள்.

பாவு தறியில் ஏறுமுன் இழைப் பிசகைத் திருத்துவது எளிது. நெய்து முடிந்த பின் அது அரிது. கூட்டுறவு மசோதா ஒன்று சபைக்கு வருகிறது என்று அறிந்தால், அதன் பிரிவுகளைச் சங்கக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். தேர்தல், கடன், பங்குத்தொகை ஆகியவற்றை அது எவ்வாறு பாதிக்கும் என்று ஆராயுங்கள். வேண்டிய திருத்தத்தைத் தீர்மானமாக எழுதி, மசோதா வாக்கெடுப்புக்கு வருமுன்னரே உங்கள் தொகுதியின் சட்டசபை அங்கத்தினரிடம் சேர்ப்பியுங்கள். அவ்வாறு செய்வது நம் உரிமை; அதற்கும் மேலாக, நம் கடமை.