பந்து வீசும் காலுக்கு என்ன விலை?

2021 மே மாதம் ஜிம்பாப்வே வீரர் ரயான் பர்ல் ட்விட்டரில் ஒரு படம் போட்டார். பிய்ந்துபோன ஷூ, அதை ஒட்டப் பசை. ஒவ்வொரு தொடர் முடிந்ததும் இப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறோம், யாராவது ஸ்பான்சர் செய்யக் கூடாதா என்று கேட்டிருந்தார். சர்வதேச ஆட்டக்காரருக்கே இந்தக் கதியா என்று ரசிகர்கள் பேச ஆரம்பித்ததும் பூமா நிறுவனம் கை கொடுத்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில், டவுன்ஸ்வில் மைதானத்தில், அதே பர்ல் மூன்றே ஓவரில் 10 ரன் கொடுத்து 5 விக்கெட் சாய்த்தார். ஆஸ்திரேலிய மண்ணில் ஆஸ்திரேலியாவை ஜிம்பாப்வே வென்றது அதுவே முதல்முறை. புது ஷூதான் காரணம் என்று விளம்பரக்காரர்கள் வேண்டுமானால் சொல்லலாம். பந்தைச் சுழற்றியது என்னவோ பர்லின் மணிக்கட்டு.

மகனையோ மகளையோ கிரிக்கெட் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோருக்கு விளையாட்டுச் சாமான் கடையில் இதே குழப்பம்தான். அடியில் ரப்பர் குமிழ் வைத்த ஷூ ஆயிரத்துச் சொச்சத்தில் கிடைக்கிறது. இரும்பு ஆணி வைத்த ஸ்பைக்ஸ் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. வெளிநாட்டுப் பிராண்டு என்றால் பத்தாயிரத்தையும் தாண்டும். அவ்வளவு கொட்டிக் கொடுத்தால் பந்தில் வேகம் கூடுமா?

கூடாது. ஷூவின் வேலை வேறு.

வேகப்பந்து வீச்சாளர் ஓடிவந்து, பந்தை விடுவதற்குச் சற்று முன் முன்காலை ஓங்கி ஊன்றுகிறார். அந்த நொடியில் தரை அவர் காலைத் திருப்பித் தள்ளும் விசை, உடல் எடையைப் போல் ஐந்து மடங்கையும் தாண்டும் என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். 70 கிலோ ஆள் என்றால் 350 கிலோவுக்கு மேல். டெஸ்ட் போட்டியில் ஒரு நாளில் 20 ஓவர் வீசினால், நோ பால், வைடு சேர்க்காமலே 120 முறை இந்த இடி. முன்கால் முட்டி மடங்காமல் நின்றால் பந்தில் வேகம் கிடைக்கும். ஆனால் காலில் இறங்கும் அடியும் அப்போது கூடும்.

பாடிலைன் தொடரில் ஆஸ்திரேலியர்களை நடுங்க வைத்த இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஹெரால்ட் லார்வுட்டின் கதையும் அந்த முன்காலில்தான் முடிந்தது. 1933 பிப்ரவரி, சிட்னியில் கடைசி டெஸ்ட். கெட்டித்தரையில் குத்திக் குத்தி அவருடைய இடது பாதத்தில் சின்ன எலும்பு ஒன்று உடைந்துவிட்டது. நடக்கவே முடியாத நிலையிலும், பிராட்மன் அவுட்டாகும்வரை களத்தைவிட்டுப் போகக் கூடாது என்று நிறுத்தி வைத்தார் கேப்டன் ஜார்டின். அதன்பின் லார்வுட் டெஸ்ட் ஆடவே இல்லை. இங்கிலாந்து வாரியத்தோடு வந்த மனக்கசப்பும் அதற்குக் காரணம். என்றாலும் பழைய வேகம் திரும்பாமல் போனது காலால்தான்.

‘அப்படியானால் மெத்துமெத்தென்று இருப்பதை வாங்குவோம்’ என்று ஜாகிங் ஷூவை மாட்டிக்கொண்டு பந்து வீசுகிறவர்கள் உண்டு. இது தப்புக் கணக்கு. ஓட்டத்துக்கான ஷூ நேராக முன்னோக்கிப் போகிற காலுக்காகச் செய்தது. பந்து வீசும்போதோ கால் குறுக்கே விழுகிறது, பாதம் திரும்புகிறது. உயரமான, மெத்தென்ற அடிப்பாகத்தில் பாதம் பக்கவாட்டில் சாய்ந்தால் கணுக்கால் பிசகும். பந்துவீச்சுக்கென்று வரும் ஷூவில் குதிகால் பகுதி விறைப்பாக இருக்கும். சிலவற்றில் விளிம்பு கணுக்கால்வரை ஏறும். ஆணிகள் முன்பகுதியில் மட்டும் இல்லாமல் குதிகாலிலும் இருக்கும். முன்கால் பெரும்பாலும் குதிகாலில்தானே இறங்குகிறது! கூடுதல் காசு கொடுப்பது இவற்றுக்காக என்றால் அது நியாயமான செலவு.

ஆனால் எந்தத் தரையில் வீசப்போகிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். நம் ஊரில் பள்ளி ஆட்டங்களும் கீழ் டிவிஷன் லீக் ஆட்டங்களும் நிறையவே மேட்டிங் விக்கெட்டில் நடக்கின்றன. இரும்பு ஆணி அங்கே நார்ப்பாயில் மாட்டும், பாயையும் கிழிக்கும். அங்கே ரப்பர் குமிழ் போதும். டர்ஃப் விக்கெட்டில் வாரந்தவறாமல் வீசுகிறவருக்குத்தான் ஸ்பைக்ஸ். காலைப் பனியில் ஈரமான புல்லில் ரப்பர் குமிழோடு முழு வேகத்தில் ஓடிவந்து வழுக்கி விழுந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

‘வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசாவே குடுங்க’ என்பது நம் வீட்டு வழக்கம். பள்ளிக்கூட ஷூவுக்கு அது சரி. பந்து வீசும் ஷூ பெரிதாக இருந்தால், கால் ஊன்றும் ஒவ்வொரு முறையும் பாதம் முன்னால் வழுக்கிப்போய்ப் பெருவிரல் ஷூவின் முனையில் இடிக்கும். நகம் கறுத்து, கடைசியில் விழுந்தே போகும். அளவு சரியாக இருந்தாலும் சிலருக்கு இது வருகிறது. அதனால்தான் சர்வதேச வேகப்பந்து வீச்சாளர்களில் சிலர் விலையுயர்ந்த ஷூவை வாங்கிய கையோடு, பெருவிரல் இருக்கும் இடத்தில் கத்தியால் ஓட்டை போட்டுக்கொள்கிறார்கள்.

பின்காலின் பிரச்சினை வேறு. பந்தை விடும்போது பலர் பின்கால் நுனியைத் தரையில் தேய்த்துக்கொண்டு வருவார்கள். ஒரு ஷூ புதிதுபோல் இருக்க, மற்றதன் மூக்கு மட்டும் கிழிந்து நிற்கும். தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து அந்த இடத்தில் ஒரு தோல் துண்டு வைத்துத் தைத்துவிட்டால் இன்னும் பல மாதம் ஓடும். எந்தப் பிராண்டும் தராத மலிவான உத்தரவாதம் இது.

ஜஸ்பிரீத் பும்ராவிடம் சின்ன வயதில் இருந்தது ஒரே ஜோடி ஷூ. அதையே துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். பிறகு அவர் கேட்கும் ஷூவைச் செய்துதர நிறுவனங்கள் காத்திருந்த காலத்திலும் முதுகெலும்பில் விரிசல் வந்தது. 2022 டி20 உலகக் கோப்பையைத் தவறவிட்டார், 2023இல் நியூஸிலாந்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். முதுகைக் காப்பாற்றும் ஷூவை இன்னும் யாரும் செய்யவில்லை. எத்தனை ஓவர் வீசுகிறோம், இடையில் எத்தனை நாள் ஓய்வு, ஆக்ஷன் எப்படி என்பதெல்லாம் கோச்சின் பொறுப்பு.

டர்ஃபில் தொடர்ந்து வீசும் பதினாறு வயதுப் பையனுக்கு நாலாயிரம் ரூபாயில் அளவு சரியான ஸ்பைக்ஸ் வாங்குவது வீண் செலவு இல்லை. பத்தாயிரம் ரூபாய் ஷூவுக்கு அவன் கால் வளர்ந்து நிற்கும்வரை பொறுக்கலாம். பெட்டிக்குள் ஆணி கழற்றும் சாவி இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுவது நல்லது. ஆணிகள் திருகி மாட்டுபவைதான், தேய்ந்தால் தனியாக வாங்கி மாற்றலாம். சாவி தொலைந்தால் அவை துருப்பிடித்து உள்ளேயே இறுகிவிடும். அப்புறம் ஷூ முழுசையும் தூக்கிப்போட வேண்டியதுதான்.